“அனுமதி மறுக்கப்பட்டது” என்று வந்தால்: லினக்ஸ் சர்வர் உரிமைகளும் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வரின் பொறுப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்டவர்கள் எழுப்பும் ஐயங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: ஒரு கட்டளை ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று சொல்லிவிட்டது, அடுத்து என்ன செய்வது? கைக்கு எட்டிய முதல் வழியில் அந்த மறுப்பைத் தாண்டிவிடவே பலரும் முயல்கிறார்கள். மறுத்தது எது, யாருடைய பெயரில் கேட்டபோது மறுத்தது, எந்த விதியின்படி மறுத்தது என்பதை முதலில் படித்தறிய வேண்டும் என்பதே இந்தத் தொகுப்பின் நோக்கு.

பதில்கள் உபுண்டு, டெபியன் வகையை முதன்மையாகக் கொண்டவை. ரெட் ஹேட் வகை வேறுபடும் இடங்களில் அது சொல்லப்பட்டுள்ளது. கட்டளைகளின் பெயர்கள் உச்சரிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.

1. ரூட் என்பது யார்? “அட்மின்” என்று பெயர் வைத்த என் கணக்கும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. லினக்ஸின் கருவகம், அதாவது கெர்னல், பயனர்களைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. பயனர் எண் 0 கொண்ட கணக்குதான் ரூட். உங்கள் கணக்குக்கு எவ்வளவு பெரிய பெயர் வைத்திருந்தாலும் அதன் எண் 1000 என்றால் கெர்னலுக்கு நீங்கள் சாதாரணப் பயனரே. ஐடி என்ற கட்டளையை இயக்கினால் உங்கள் எண்ணும் நீங்கள் உறுப்பினராக உள்ள குழுக்களும் தெரியும். எந்தச் சிக்கலிலும் முதலில் இயக்க வேண்டிய கட்டளை அதுதான்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. எந்தச் சந்தேகமும் எழாத பெயரில் ஒரு கணக்கு இருந்து, அதன் எண் 0 ஆக இருந்தால், அது இன்னொரு ரூட். கடைசிக் கேள்வியில் இது மீண்டும் வரும்.

2. ரூட்டாகவே லாகின் பண்ணி வேலை பார்த்தால் எல்லாம் சுலபமாக முடிகிறதே, அதில் என்ன தப்பு?

சுலபமாக முடிவதுதான் தப்பு. சாதாரணக் கணக்கில் தட்டச்சுப் பிழை செய்தால் பெரும்பாலும் ஒரு மறுப்புச் செய்தியோடு போய்விடும். ரூட் கணக்கில் அதே பிழை கேள்வியின்றி நிறைவேறும். மேலும், நான்கு பேர் ஒரே ரூட் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால், நேற்று இரவு ஒரு சேவையை நிறுத்தியது யார் என்ற கேள்விக்குப் பதிவுகளில் விடை கிடைக்காது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல்லை மாற்றி மற்ற மூவருக்கும் சொல்லவும் வேண்டும்.

இதற்கான தீர்வாகிய சூடோ, 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவரால் எழுதப்பட்டது. ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து, தம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து, தேவையான ஒரு கட்டளையை மட்டும் ரூட்டின் உரிமையில் இயக்குகிறார்கள். யார், எப்போது, எந்த அடைவிலிருந்து, என்ன இயக்கினார் என்பது வார் அடைவின் லாக் அடைவில் பதிவாகிறது: உபுண்டுவிலும் டெபியன் 11 வரையிலும் ஆத் லாக் கோப்பு, ரெட் ஹேட் வகையில் செக்யூர் கோப்பு. டெபியன் 12 முதல் இயல்பாக சிஸ்டம்டியின் ஜர்னலில் பதிவாகிறது. அதே சூடோவைக் கொண்டு ரூட்டின் ஷெல்லை, அதாவது கட்டளைகளைப் பெற்று இயக்கும் நிரலை, திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வேலை செய்தால், இந்தப் பதிவில் “ஷெல் திறந்தார்” என்ற ஒரு வரிதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

3. எல்எஸ் போட்டால் வரும் ஆர், டபிள்யூ, எக்ஸ் வரிசையை எப்படிப் படிப்பது? 644, 755 எங்கிருந்து வருகிறது?

எல்எஸ் கட்டளையை எல் என்ற தெரிவுடன் இயக்கும்போது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பத்து எழுத்துகள் வருகின்றன. முதலெழுத்து வகையைச் சொல்கிறது: சிறு கோடு என்றால் சாதாரணக் கோப்பு, டி என்றால் அடைவு, எல் என்றால் இணைப்பு. மீதி ஒன்பதும் மும்மூன்றாகப் பிரிந்து உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோருக்கு உரியவை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டினால் 644 என்பது உரிமையாளர் படித்து எழுதலாம், மற்ற இரு சாராரும் படிக்க மட்டும் செய்யலாம் என்று பொருள்படும். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், மற்ற இரு சாராருக்கும் படிப்பும் இயக்கமும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கெர்னல் இந்த மூன்று பகுதிகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளர் என்றால் உரிமையாளர் பகுதி மட்டுமே உங்களுக்குப் பொருந்தும். அங்கே படிக்கும் உரிமை இல்லாவிட்டால், ‘மற்றவர்’ பகுதியில் அது இருந்தும் உங்களுக்குப் பயனில்லை. ஆகவே 044 என்று வைத்த கோப்பை ஊரார் எல்லாரும் படிக்கலாம், உரிமையாளர் படிக்க முடியாது. (அவர் தம் கோப்பின் உரிமையை மாற்றிக்கொள்ளலாம் என்பது வேறு.) வரிசையின் இறுதியில் கூட்டல் குறி தெரிந்தால், இந்த ஒன்பது எழுத்துகளுக்கு மேல் தனி அணுகல் பட்டியலும் உண்டு என்று பொருள், அதை கெட்ஃபேக்ல் கட்டளை காட்டும்.

4. அடைவை இயக்க முடியாதே, பிறகு அதற்கு எதற்கு எக்ஸ்?

அடைவில் எக்ஸ் என்பது அதைக் கடந்து உள்ளே செல்லும் உரிமை. ஆர் மட்டும் இருந்தால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்க்கலாம், கோப்புகளைத் திறக்க முடியாது. எக்ஸ் மட்டும் இருந்தால் பட்டியலைப் பார்க்க முடியாது. ஆனால் பெயர் தெரிந்த கோப்பைத் திறக்கலாம், அதன் சொந்த உரிமை அனுமதித்தால்.

கோப்பின் உரிமை 644 ஆக இருந்தும் இணையச் சர்வர் அதைப் படிக்க மறுப்பதற்கு மிக அடிக்கடி காரணமாவது இதுதான்: கோப்பு வரை செல்லும் பாதையில் ஏதோ ஒரு மேல் அடைவு 700 ஆக இருக்கிறது. நேம்ஐ கட்டளையை எல் தெரிவுடன் இயக்கினால் வேர் அடைவு தொடங்கி ஒவ்வொரு படியின் உரிமையையும் வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

5. என் கோப்பில் வேறு யாருக்கும் எழுதும் உரிமை இல்லை. இருந்தும் இன்னொருவர் அதை அழித்துவிட்டார். எப்படி?

அடைவு என்பது பெயர்களின் பதிவேடு. கோப்பை நீக்குவது அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. எனவே பார்க்கப்படுவது கோப்பின் உரிமை அன்று, அடைவில் எழுதும் உரிமை. அந்த அடைவில் அவருக்கு டபிள்யூவும் எக்ஸும் இருந்தால், ரூட்டுக்குச் சொந்தமான கோப்பைக்கூட அவரால் நீக்க முடியும்.

தற்காலிகக் கோப்புகளை எல்லாரும் எழுதும் டெம்ப் அடைவில் இந்தக் குழப்பம் நேராமல் இருக்க, அதன் உரிமை 1777 என்று வைக்கப்பட்டிருக்கிறது. முன்னால் நிற்கும் 1 ஸ்டிக்கி பிட். கோப்பின் உரிமையாளரோ அடைவின் உரிமையாளரோ ரூட்டோ தவிர வேறு யாரும் நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது என்பது அதன் விதி. குழுவாகப் பயன்படுத்தும் பொது அடைவுகளுக்கும் இதை வைப்பது நல்லது.

6. ஆர்எம் போட்டு அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

காப்புப் பிரதி இல்லாவிட்டால் நம்பிக்கை வைக்க வேண்டாம். கட்டளைவரியில் குப்பைத்தொட்டி கிடையாது. ஏதேனும் ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருந்தால் மட்டும் உள்ளடக்கம் வட்டில் இருக்கும். அந்த நிரலின் புராசஸ் எண்ணைக் கொண்டு புராக் அடைவின் வழியாக அதை நகலெடுக்கலாம். பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் வட்டில் இடம் கூடாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை எல்லா நிர்வாகிகளும் அறிந்திருக்க வேண்டும். துணைத் தரவுத்தளச் சர்வரில் ஒரு அடைவை நீக்க நினைத்த பொறியாளர் அதே கட்டளையை முதன்மைச் சர்வரில் இயக்கிவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபி அளவில் எஞ்சியது 4.5 ஜிபி. பல வகைக் காப்புப் பிரதி ஏற்பாடுகள் இருந்தும் அவை நம்பியபடி வேலை செய்யவில்லை. தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் கைகொடுத்ததால் சுமார் 6 மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. நிறுவனமே இதை வெளிப்படையாக எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. அழிக்கும் கட்டளைக்கு முன் ஹோஸ்ட்நேம் இயக்கிப் பார்ப்பது, முதன்மைச் சர்வர்களின் தூண்டியை (முனையத்தில் கட்டளைக்கு முன்னால் தெரியும் குறியை) வேறு நிறத்தில் வைப்பது, காப்புப் பிரதியை அவ்வப்போது உண்மையிலேயே மீட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை.

7. பயனரைக் குழுவில் சேர்த்துவிட்டேன், இன்னும் மறுக்கிறது. ஏன்?

குழு உறுப்புரிமை உள்நுழையும்போதுதான் ஷெல்லுக்கு ஒட்டப்படுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுக்குப் புதிய குழு தெரியாது. வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். சேவையாக இயங்கும் நிரல் என்றால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி தெரிவுடன் சிறிய ஏ தெரிவையும் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். ஏ இல்லாமல் இயக்கினால் அது சேர்ப்பதில்லை. பழைய கூடுதல் குழுக்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நீங்கள் சொன்ன குழுவை மட்டும் வைக்கிறது. சூடோ குழுவிலிருந்து தம்மைத் தாமே நீக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்திருப்பார்கள்.

8. 777 போட்டால் உடனே சரியாகிவிடுகிறது. பிறகு ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்?

சிக்கல் என்ன என்று தெரியாமலேயே அது மறைந்துவிடுகிறது என்பதால்தான். 777 என்றால் அந்த இயந்திரத்தில் இயங்கும் எந்தக் கணக்கும் அந்தக் கோப்பை மாற்றலாம். இங்கே கணக்கு என்பது மனிதர்களை மட்டும் குறிப்பதில்லை. இணையச் சர்வர், தரவுத்தளம், அஞ்சல் சேவை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் இயங்குவதற்குக் காரணம், ஒன்றில் ஓட்டை விழுந்தால் அது மற்றொன்றைத் தொடக் கூடாது என்பதே. 777 அந்தத் தடுப்பை எடுத்துவிடுகிறது. இணையதளத்தின் நிரல் கோப்புகள் 777 ஆக இருந்தால், பழைய செருகுநிரல் ஒன்றின் ஓட்டை வழியே நுழைந்தவர் தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் தம் வரிகளைச் சேர்த்துவிட முடியும்.

சரியான வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். எந்த நிரல் மறுக்கப்படுகிறது, அது எந்தக் கணக்கில் இயங்குகிறது என்று பிஎஸ் கட்டளையால் அறியுங்கள். உபுண்டுவில் இணையச் சர்வரின் கணக்கு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. பிறகு பாதையை நேம்ஐ கொண்டு பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படுவது இவ்வளவுதான்: நிரல் கோப்புகள் ஒரு மனிதக் கணக்குக்குச் சொந்தமாக 644, அடைவுகள் 755, படங்களைப் பதிவேற்றும் ஓர் அடைவு மட்டும் இணையச் சர்வரின் கணக்குக்குச் சொந்தம். அந்தப் பதிவேற்ற அடைவில் உள்ளவற்றை நிரலாக இயக்கக் கூடாது என்று இணையச் சர்வரின் அமைப்பில் சொல்லிவிடுங்கள். 777 தேவைப்படும் சூழல் உண்மையில் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: ஸ்டிக்கி பிட் இல்லாத 777க்கு நியாயமான தேவை எனக்குத் தென்பட்டதில்லை.

9. தெரியாமல் வேர் அடைவிலிருந்து எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிட்டேன். திரும்பக் கொண்டுவர முடியுமா?

முதலில், திறந்திருக்கும் ரூட் அமர்வு எதையும் மூடாதீர்கள். எண்களால் 777 கொடுக்கும்போது சாதாரணக் கோப்புகளின் செட்யூஐடி பிட் அழிந்துவிடும். அது இல்லாமல் சூடோ இயங்காது. (செட்யூஐடி என்ன என்பது அடுத்த கேள்வியில்.) சர்வர் தன்னை அடையாளம் காட்டும் தனித் திறவிகள் எல்லாருக்கும் திறந்து கிடப்பதால், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையும் அடுத்த மறுதொடக்கத்தில் அவற்றை ஏற்க மறுத்துவிடும். வெளியேறிவிட்டால் மீண்டும் உள்ளே வர மீட்பு வட்டுதான் வழி.

ரெட் ஹேட் வகையில் ஆர்பிஎம் கட்டளையின் செட்பெர்ம்ஸ் தெரிவு, பொதிகள் வழியே வந்த கோப்புகளின் மூல உரிமைகளைத் திருப்பி வைக்கும். ஆனால் உங்கள் சொந்தக் கோப்புகளை அது அறியாது. டெபியன் வகையில் அதற்கு நேரான எளிய கட்டளை இல்லை. தரவை நகலெடுத்துக்கொண்டு இயந்திரத்தைப் புதிதாக நிறுவுவதே பெரும்பாலும் விரைவாக முடியும் வேலை.

10. கடவுச்சொற்களின் மறைவடிவங்கள் உள்ள ஷேடோ கோப்பை ரூட் மட்டும்தான் எழுத முடியும் என்கிறார்கள். சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை எப்படி மாற்றுகிறார்?

கடவுச்சொல்லை மாற்றும் பாஸ்வேர்ட் கட்டளையின் உரிமைகளைப் பார்த்தால், உரிமையாளர் பகுதியில் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் இருக்கும். அதுதான் செட்யூஐடி பிட். அதை இயக்குபவர் யாராக இருந்தாலும், அந்த நிரல் கோப்பின் உரிமையாளருடைய உரிமையில், இங்கே ரூட்டின் உரிமையில், இயங்கும். இந்த யோசனை யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியுடையது. 1979இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பட்டது.

பயனுள்ளதும் ஆபத்தானதும் இதே காரணத்தால்தான்: செட்யூஐடி நிரல் ஒன்றில் பிழை இருந்தால் அது ரூட்டின் பிழையாகிவிடும். ஃபைண்ட் கட்டளைக்குப் பெர்ம் தெரிவுடன் கழித்தல் குறியிட்ட 4000 என்று கொடுத்தால் இயந்திரத்தில் உள்ள இத்தகைய நிரல்கள் எல்லாம் பட்டியலாகக் கிடைக்கும். புதிய சர்வரில் முதல் நாளே இந்தப் பட்டியலை எடுத்து வேறிடத்தில் சேமித்து வைத்தால் பின்னாளில் ஒப்பிட உதவும்.

11. சூடோ போட்டு சிடி செய்தால் வேலை செய்யவில்லை. சூடோ எக்கோ போட்டு கோப்பில் எழுதினாலும் மறுக்கிறது. சூடோ கெட்டுவிட்டதா?

இல்லை. சிடி என்பது தனி நிரல் அன்று, ஷெல்லின் உள்ளே இருக்கும் கட்டளை. அது ஷெல்லின் சொந்த இடத்தை மாற்றுகிறது. சூடோ வேறொரு புராசஸைத் தொடங்கி அது முடிந்ததும் உங்கள் பழைய ஷெல்லுக்கே உங்களைத் திருப்பிவிடுவதால், அப்படியொரு இடமாற்றம் நிகழ்ந்தாலும் உங்களுக்குப் பயன் இருக்காது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. > குறியைப் பார்த்ததும் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல். அது சூடோ தொடங்குவதற்கு முன்பே, உங்கள் சாதாரண உரிமையில் நடக்கிறது. ரூட்டாக இயங்கியது எக்கோ மட்டுமே, அதற்கோ எந்தச் சிறப்புரிமையும் தேவையில்லை. எக்கோவின் வெளியீட்டைக் குழாய் வழியே டீ கட்டளைக்கு அனுப்பி, டீயை சூடோவுடன் இயக்கினால் கோப்பைத் திறப்பது ரூட்டாக இருக்கும். ஏற்கெனவே உள்ள கோப்பின் இறுதியில் சேர்க்க டீக்கு ஏ தெரிவு கொடுக்க மறக்க வேண்டாம். மறந்தால் பழைய உள்ளடக்கம் போய்விடும்.

12. ஒருவருக்கு ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் சூடோ கொடுத்தால் பாதுகாப்புதானே?

எந்தக் கட்டளை என்பதைப் பொறுத்தது. விஐ தொகுப்பிக்குக் கொடுத்தால் அதன் உள்ளிருந்தே ஷெல்லைத் திறக்கலாம். லெஸ், ஃபைண்ட், டார் ஆகியவற்றுக்கும் அது பொருந்தும். ஒரு கோப்பைத் திருத்தத்தான் அனுமதி என்றால் சூடோஎடிட் அதற்கென்றே இருக்கிறது: நகலை உங்கள் உரிமையில் திருத்தச் செய்து, முடிவில் மூலத்தில் எழுதுகிறது. நிரல்களைக் கொள்கலன் எனப்படும் தனி உறைகளில் இயக்கும் டாக்கரின் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் ரூட் கொடுப்பதற்குச் சமம், ஏனெனில் அவர் சர்வரின் வேர் அடைவையே ஒரு கொள்கலனுக்குள் ஏற்றி, அதன் உள்ளே ரூட்டாக எழுத முடியும்.

யாருக்கு எந்தக் கட்டளை என்ற சூடோவின் விதிகள் உள்ள சூடோயர்ஸ் கோப்பை விசூடோ மூலம் மட்டுமே திருத்துங்கள். சேமிக்கும் முன் அது இலக்கணத்தைச் சரிபார்க்கும். பிழையான சூடோயர்ஸ் கோப்பு சேமிக்கப்பட்டால் சூடோ யாருக்குமே இயங்காமல் போகலாம்.

13. கடவுச்சொல் நீளமாகத்தான் வைத்திருக்கிறேன். எஸ்எஸ்எச் திறவி எதற்கு?

எஸ்எஸ்எச் நெறிமுறையை 1995இல் டாட்டு இலோனன் எழுதியதே, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட நிகழ்வுக்குப் பின்தான். அது வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுத்தது. ஆனால் கடவுச்சொல் மறுமுனைச் சர்வரை அடைகிறது. அந்தச் சர்வர் கைப்பற்றப்பட்டிருந்தால் உங்கள் கடவுச்சொல்லும் போயிற்று. திறவி இணையில் தனித் திறவி உங்கள் கணினியை விட்டு நகர்வதே இல்லை; சர்வரிடம் இருப்பது பொதுத் திறவி மட்டும். எஸ்எஸ்எச்-கீஜென் கொண்டு ஈடி25519 வகையில் உருவாக்கி, தனித் திறவிக்குக் கடவுத்தொடரும் வையுங்கள்.

திறவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு கடவுச்சொல் உள்நுழைவை அணையுங்கள். உபுண்டுவில் இங்கே ஒரு கண்ணி உண்டு: முதன்மை அமைப்புக் கோப்பில் ‘நோ’ என்று மாற்றியும் கடவுச்சொல் இன்னும் ஏற்கப்படலாம், ஏனெனில் துணை அமைப்பு அடைவில் உள்ள கோப்புகள் முதலில் படிக்கப்படுகின்றன, முதலில் படித்த மதிப்பே நிலைக்கிறது. மேகச் சர்வர்களில், முதல் தொடக்கத்தின்போது அமைப்புகளை எழுதும் கிளவுட்-இனிட் நிரல் அங்கே ‘யெஸ்’ என்று எழுதி வைத்திருப்பது சாதாரணம். எஸ்எஸ்எச்டி நிரலைப் பெரிய டி தெரிவுடன் இயக்கினால் இறுதியாக நடைமுறையில் உள்ள மதிப்புகளைக் காட்டும். சிறிய டி பிழைகளைச் சரிபார்க்கும். மாற்றங்களைச் செய்யும்போது பழைய அமர்வை மூடாமல், புதிய சாளரத்தில் நுழைந்து பாருங்கள்.

14. திறவி சரியாக இருந்தும் “உரிமைகள் மிகத் திறந்துள்ளன” என்கிறதே?

தனித் திறவியை மற்றவர்கள் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்த மறுக்கும். கோப்பு 600, அதை வைத்திருக்கும் எஸ்எஸ்எச் அடைவு 700. சர்வர் பக்கத்திலும் இதே கண்டிப்பு உண்டு: உங்கள் இல்ல அடைவில் குழுவோ மற்றவரோ எழுத முடிந்தால், உள்ளே இருக்கும் அனுமதித்த திறவிகளின் பட்டியலை நம்ப முடியாது என்று சர்வர் அதைப் புறக்கணிக்கும். ஐந்தாம் பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும்.

15. லாகில் ஆயிரக்கணக்கில் தோல்வியடைந்த ரூட் உள்நுழைவுகள். ஹேக் செய்கிறார்களா? போர்ட்டை மாற்றினால் போதுமா?

இணையத்தில் முகவரி உள்ள ஒவ்வொரு சர்வரையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. உங்களைத் தனியாகக் குறிவைத்தது என்று எண்ண வேண்டாம். கடவுச்சொல் உள்நுழைவை முழுதாக அணைத்துவிட்டால் அந்த முயற்சிகளால் பயனில்லை. 22ஆம் போர்ட்டை மாற்றுவது லாக் கோப்பில் சேரும் சத்தத்தைக் குறைக்கும், பாதுகாப்பைக் கூட்டாது; திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிரலும் பெரும்பாலும் அவ்வாறே. மாற்றத்தான் வேண்டும் என்றால் ஃபயர்வாலில் புதிய போர்ட்டை முதலில் திறந்து வையுங்கள். ரெட் ஹேட் வகையில் எஸ்ஈலினக்ஸுக்கும் (18ஆம் கேள்வி) அதை அறிவிக்க வேண்டும். கவலையோடு படிக்க வேண்டியவை தோல்விகள் அல்ல. ‘ஏற்கப்பட்டது’ என்ற வரிகளும், நடந்த உள்நுழைவுகளைக் காட்டும் லாஸ்ட் கட்டளையின் வெளியீடும்தான்.

16. கட்டளையிலேயே கடவுச்சொல்லைக் கொடுத்தால் என்ன?

கட்டளை இயங்கும் நேரமெல்லாம் அதன் முழு வரியையும் பிஎஸ் மூலம் மற்றப் பயனர்கள் பார்க்கலாம். முடிந்த பின்னும் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் அது தங்கும். கேட்கும்போது தட்டச்சு செய்யுங்கள், அல்லது 600 உரிமையுள்ள அமைப்புக் கோப்பில் வையுங்கள்.

17. இணையத்தில் கொடுத்திருக்கும் ஒற்றை வரியைக் காப்பி பண்ணி அப்படியே ரூட்டில் ஒட்டலாமா? களஞ்சியத்திலிருந்து நிறுவினால் மட்டும் பாதுகாப்பா?

கர்ல் கொண்டு இறக்கிய ஸ்கிரிப்டை நேராக ஷெல்லுக்குக் குழாய் வழியே அனுப்புவது, படிக்காமலே கையெழுத்திடுவதுதான். முதலில் கோப்பாக இறக்குங்கள், லெஸ் கொண்டு படியுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். இணையப் பக்கத்தில் காணும் வரியும் நகலெடுக்கும்போது வரும் வரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதால் முதலில் ஒரு தொகுப்பியில் ஒட்டிப் பார்ப்பது நல்லது.

களஞ்சியம், அதாவது உபுண்டு, டெபியன் போன்றவை தாமே தரும் பொதிகளின் தொகுப்பு, பெருமளவு பாதுகாப்பானது, முழுமையாக அன்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எஸ்எஸ்எச் சேவையைக் குறிவைத்த பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டார். டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்துவிட்ட அது, நிலையான பதிப்பை எட்டவில்லை. உற்பத்திச் சர்வரில் நிலையான பதிப்பையே வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

18. எல்லா உரிமையும் சரி, பாதையும் சரி, ரூட்டாக இயங்கினாலும் மறுக்கிறது. இனி என்ன பார்ப்பது?

இதுவரை சொன்னவை உரிமையாளர் விரும்பினால் மாற்றக்கூடிய விதிகள். அவற்றுக்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு: ரெட் ஹேட் வகையில் எஸ்ஈலினக்ஸ், உபுண்டுவில் ஆப்ஆர்மர். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000இல் வெளியிட்ட எஸ்ஈலினக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் புராசஸுக்கும் ஒரு அடையாள முத்திரை இட்டு, எந்த முத்திரை எதைத் தொடலாம் என்ற கொள்கையை ரூட்டுக்கும் சேர்த்து நடைமுறைப்படுத்துகிறது.

வழக்கமாக நிகழ்வது இது: இல்ல அடைவில் தயாரித்த இணையப் பக்கத்தை எம்வி கொண்டு இணைய அடைவுக்கு நகர்த்துகிறார்கள், கோப்பு தன் பழைய முத்திரையோடே போவதால் இணையச் சர்வர் மறுக்கப்படுகிறது. எல்எஸ் கட்டளைக்குப் பெரிய இசட் தெரிவு கொடுத்தால் முத்திரை தெரியும், ரீஸ்டோர்கான் அதைச் சரிசெய்யும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரை இணையமெங்கும் கிடைக்கிறது. அது எட்டாம் கேள்வியின் 777தான், வேறு வேடத்தில். காரணம் தேடும்போது சிறிது நேரம் பெர்மிசிவ் நிலையில் வைத்தால், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும்.

இவை எதுவும் இல்லையென்றால் எல்எஸ்ஆட்ர் இயக்கிப் பாருங்கள். ஐ என்ற பண்பு இருந்தால் கோப்பு மாற்ற முடியாததாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அதை எடுக்கும்வரை ரூட்டாலும் எழுத முடியாது.

19. அப்டேட் செய்துவிட்டேன். ரீபூட்டும் கட்டாயமா?

எது புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விடை மாறும். சூடோ போன்ற நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால் அடுத்த இயக்கத்திலேயே புதியது நடைமுறைக்கு வரும். 2021 ஜனவரியில் வெளியான சூடோ பிழை 2011 முதல் நிரலில் இருந்தது. சூடோயர்ஸில் பெயரே இல்லாத உள்ளூர்ப் பயனரும் அதைக்கொண்டு ரூட் ஆக முடிந்தது. அதற்குப் புதுப்பித்தல் மட்டுமே போதுமானதாக இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நூலகம் என்றால், இயங்கிக்கொண்டிருக்கும் சேவைகள் பழைய பதிப்பையே நினைவகத்தில் வைத்திருக்கும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எலின் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளிப்பட்டபோது சேவையை மறுதொடக்கம் செய்யாத சர்வர்கள் புதுப்பித்த பிறகும் ஓட்டையோடே இருந்தன. எவற்றை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதை நீட்ரீஸ்டார்ட் சொல்லும். கெர்னல் என்றால் ரீபூட் தேவை. 2016இல் வெளிப்பட்ட டர்ட்டி கவ் பிழை 2007 முதல் கெர்னலில் இருந்தது. இருநூறு நாள், முந்நூறு நாள் நிற்காமல் ஓடுகிறது என்று பெருமை கொள்ளும் சர்வர், அத்தனை நாள் பழைய கெர்னலில் ஓடுகிறது என்றும் பொருள்.

20. சர்வருக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று சந்தேகம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

வலையமைப்பிலிருந்து பிரியுங்கள், ஆனால் உடனே அணைக்காதீர்கள். நினைவகத்தில் உள்ள தடயங்கள் அணைத்தால் போய்விடும். எஸ்எஸ் கட்டளையால் எந்தப் போர்ட்டுகளில் எந்த நிரல்கள் காத்திருக்கின்றன என்று பாருங்கள். எண் 0 கொண்ட கணக்கு ரூட் தவிர வேறு உண்டா, எல்லாப் பயனர்களின் அனுமதித்த திறவிகளில் தெரியாத வரி உண்டா, குறித்த நேரத்தில் தானாக இயங்கும் கட்டளைகளின் கிரான் அட்டவணையிலும், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் பட்டியலிலும் புதியது உண்டா, பத்தாம் பதிலில் சொன்ன செட்யூஐடி பட்டியல் பழையதோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். டெபியனில் டெப்சம்ஸ், ரெட் ஹேட் வகையில் ஆர்பிஎம்மின் பெரிய வி தெரிவு ஆகியவை பொதிக் கோப்புகள் மாறியிருந்தால் காட்டும்.

நுழைந்தவர் ரூட் ஆகியிருந்தால், எல்எஸ், பிஎஸ் முதலிய கட்டளைகளே மாற்றப்பட்டிருக்கலாம். அந்த இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் சான்றாக ஏற்க முடியாது. வட்டின் நகலைத் தூய்மையான வேறொரு கணினியில் படிக்க மட்டும் ஏற்றி ஆராயுங்கள். சுத்தம் செய்து தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று கேட்காதவரே இல்லை. கூடாது என்பதே பதில். புதிதாக நிறுவி, ஊடுருவலுக்கு முந்தைய காப்புப் பிரதியிலிருந்து தரவை மட்டும் எடுத்து, அவர் நுழைந்த ஓட்டையை அடைத்த பிறகே இணையத்தில் சேருங்கள். அந்தச் சர்வரில் இருந்த தரவுத்தளக் கடவுச்சொற்கள், இணையதளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் தனித் திறவிகள், அதிலிருந்து பிற சர்வர்களுக்குச் செல்லப் பயன்பட்ட எஸ்எஸ்எச் திறவிகள் அனைத்தையும் மாற்றுங்கள். அந்தப் பிற சர்வர்களின் லாஸ்ட் பதிவுகளையும் அன்றே படியுங்கள்.